செஸ்நட், புக்கிட் தீமா, கெத்தாம்: சிங்கப்பூரின் மண்பாதைகளில் மலைச்சைக்கிள் ஓட்டப் பழகும் முறை

செஸ்நட் இயற்கைப் பூங்காவில் மலைச்சைக்கிளுக்கென்றே அமைக்கப்பட்ட மண்பாதை 8.2 கிமீ. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் ஓரத்தைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 6 கிமீ. புலாவ் உபின் தீவில் உள்ள கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவில் ஏறத்தாழ 10 கிமீ. மூன்றையும் கூட்டினாலும் 25 கிமீ தேறாது. தார்ச்சாலையில் ஓட்டிப் பழகியவர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் தொலைவுதான் இது. ஆயினும் இந்த மூன்று பாதைகளையும் எங்கும் இறங்கித் தள்ளாமல், நடப்பவர்களுக்கும் காட்டுக்கும் இடையூறு இல்லாமல், உடம்பில் காயமின்றி ஓட்டுவதற்கு எனக்கு மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. அவற்றில் முதல் ஆண்டைத் தவறான முறையில் செலவழித்தேன் என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

அந்தத் தவறு, சுற்றுகளை எண்ணியது. இன்று இரண்டு சுற்று, அடுத்த வாரம் மூன்று சுற்று என்று தொலைவைக் கூட்டிக்கொண்டே போனேன். பயமுறுத்திய வளைவு ஒவ்வொரு சுற்றிலும் பயமுறுத்தியது. சறுக்கிய வேர் ஒவ்வொரு சுற்றிலும் சறுக்கியது. களைப்பு கூடியதே தவிரத் திறன் கைவரவில்லை. பிறகு, ஒரு நாளில் நூறு மீட்டர்த் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலில் அதை நடந்து பார்த்து, பின் ஓட்டி, திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டத் தொடங்கியபோது, ஓர் ஆண்டில் வராதது இரண்டு மாதத்தில் வந்தது. நம் பாதைகள் குறுகியவை என்று வருத்தப்படுவோர் பலர். பழகுவதற்கு அந்தக் குறுக்கமே வசதி. ஒரே கல்லை நூறு முறை சந்திக்கும் வாய்ப்பு நீண்ட பாதைகளில் கிடைப்பதில்லை.

தொடங்குவதற்கு முன் சைக்கிளைப் பற்றி

முதல் நாளே ஆயிரக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்துச் சைக்கிள் வாங்க வேண்டாம். மலைச்சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் கடைகள் உள்ளன. நான்கைந்து முறை வாடகைக்கு எடுத்து ஓட்டிய பிறகு, இது உங்களுக்கு ஒத்துவருமா என்பதும், எந்த அளவுச் சட்டகம் உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். வாங்கும்போது, முன்புறம் மட்டும் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை இறங்கி எழும் அதிர்வுதாங்கி, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 2.2 அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள டயர் ஆகிய மூன்றும் இருந்தால் சிங்கப்பூரின் பெரும்பாலான பாதைகளுக்குப் போதும். முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள விலை உயர்ந்த சைக்கிள், கற்றுக்கொள்ளும் காலத்தில் உங்கள் பிழைகளை மறைத்துவிடும். பின்சக்கரம் முதுகில் இடிக்கும்போதுதான் முழங்காலை மடக்கி நிற்க உடம்பு கற்றுக்கொள்கிறது.

சைக்கிள் எதுவாக இருந்தாலும், பணம் செலவில்லாமல் ஓட்டத்தை மாற்றக்கூடியது டயரின் காற்றழுத்தம். சாலையில் ஓட்டிவிட்டு வருபவர்கள் 50 பி.எஸ்.ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வரை காற்றடித்துக்கொண்டு மண்பாதையில் இறங்குவதைப் பார்க்கிறேன். அத்தனை இறுகிய டயர் வேரின் மேல் பட்டவுடன் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள டயரில் 28 முதல் 32 பி.எஸ்.ஐ வரையிலும், உள்ளே டியூப் இல்லாத டியூப்லஸ் டயரில் 22 முதல் 26 வரையிலும் வைத்துத் தொடங்கலாம். பின்டயரைவிட முன்டயரில் இரண்டு பி.எஸ்.ஐ குறைவாக இருக்கட்டும். டியூப் உள்ள டயரில் அழுத்தத்தை அளவுக்கு மேல் குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்புப் பல் பட்டதுபோல் இரண்டு துளைகள் விழும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ மட்டும் மாற்றிப் பார்த்து, உங்களுக்குப் பொருந்தும் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை அங்கே கொண்டு போவதும் ஒரு கேள்விதான். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் மடக்கும் சைக்கிளை மட்டுமே அனுமதிக்கிறார்கள், மலைச்சைக்கிளுக்கு இடமில்லை. பின்னிருக்கையை மடக்கி ஏற்றக்கூடிய கார் இல்லாதவர்களுக்கு ஓட்டிக்கொண்டே போவதுதான் வழி. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை பழைய மலாயன் ரயில் ஓடிய 24 கிமீ நிலம் 2011ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் வசம் வந்து, இன்று பசுமை ரயில் பாதையாக இருக்கிறது. புக்கிட் தீமா குன்றின் அருகே செல்லும் அந்தப் பாதை தட்டையானது, உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஏற்றது. இடையில் சாலையில் இறங்க நேர்ந்தால் தலைக்கவசம் அணிவது 2019 ஜனவரியிலிருந்து சட்டப்படி கட்டாயம். காட்டுக்குள் சட்டம் சொல்கிறதோ இல்லையோ, அதைக் கழற்றக் கூடாது.

அடுக்குமாடி புளோக்கின் கீழே கற்க வேண்டியவை

காட்டுப் பாதையில் கால் வைப்பதற்கு முன், வீட்டின் அருகே ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு புல்வெளியில் இரண்டு மூன்று மாலைகளைச் செலவிடுங்கள். அங்கே கற்க வேண்டியவை நிற்பதும் நிறுத்துவதும்தான்.

நிற்பது என்றால் மிதிகளின் மேல் நிற்பது. இரண்டு மிதிகளும் தரைக்கு இணையாக, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருக்க வேண்டும். குதிகால் சற்றுத் தாழ்ந்து, முழங்கால் மடங்கி, இடுப்பு இருக்கையை விட்டு எழுந்து சிறிது பின்னே போக, முழங்கைகள் வெளிப்பக்கமாக மடங்கி இருக்க வேண்டும். உடம்பின் எடை கைகளில் இறங்காமல் பாதங்களில் இறங்க வேண்டும் என்பதே இதன் சாரம். எடை பாதத்தில் இருந்தால், முன்சக்கரம் கல்லில் மோதும்போது கைப்பிடி மட்டும் அசையும், நீங்கள் அசைய மாட்டீர்கள். எடை உள்ளங்கையில் இருந்தால், அதே கல் உங்களை முன்னே தள்ளிவிடும். சரியாக நிற்கிறீர்களா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: அப்படி நின்றபடி மெதுவாக உருளும்போது, பிரேக்கைத் தொடாமல் விரல்களைத் தளர்த்திப் பாருங்கள். உடம்பு முன்னே சாயாமல் இருந்தால் எடை சரியான இடத்தில் இருக்கிறது.

நிறுத்துவதில் பெரும்பாலோர் முன்பிரேக்குக்கு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் நம்புகிறார்கள். வேகத்தைக் குறைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கே உண்டு. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய் அதன் பிடிமானம் கூடுவதே காரணம். பின்பிரேக்கை மட்டும் இறுக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணைக் கீறியபடி சறுக்கும். எனவே இரண்டையும், ஒவ்வொரு கையிலும் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும், தயிர்ப் பானையைத் தூக்குவதுபோல் படிப்படியாக அழுத்தப் பழகுங்கள். புல்லில் ஒரு கோடு வைத்துக்கொண்டு, சக்கரம் பூட்டாமல் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று இருபது முறை முயன்றால் விரலுக்கு அளவு புரிந்துவிடும். வாடகைச் சைக்கிளில், எந்தக் கை முன்பிரேக் என்பதை ஏறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அது எல்லாச் சைக்கிள்களிலும் ஒரே பக்கத்தில் இருப்பதில்லை.

முதல் பாதை: செஸ்நட்

செஸ்நட் இயற்கைப் பூங்கா 81 ஹெக்டர் பரப்புள்ளது. அதன் தென்பகுதி 2015இலும் வடபகுதி 2016இலும் திறக்கப்பட்டன. புதியவர்களை நான் முதலில் இங்கே அனுப்புவதற்குக் காரணம், நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் இங்கே தனித்தனிப் பாதைகள் இருப்பதுதான். வளைவின் மறுபக்கத்திலிருந்து குழந்தையுடன் யாரும் நடந்து வந்துவிடுவார்களோ என்ற கவலை இல்லாமல், மண்ணை மட்டும் கவனித்துக் கற்கலாம். இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடங்களில் மட்டும் வேகத்தை முழுவதும் விட்டுவிட வேண்டும்.

இங்கே திறன் பயிற்சிக்கென ஓர் இடமும், அலை அலையாக மேடுகள் எழுப்பிய பம்ப் டிராக்கும் உள்ளன. சிறுவர்களுக்கான இடம் என்று நினைத்துப் பெரியவர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். முதல் மாதம் முழுவதையும் அங்கேயே கழித்தாலும் தகும் என்பது என் கருத்து. பம்ப் டிராக்கில் மிதிக்காமல் ஓட்ட வேண்டும். மேட்டின் மேல் ஏறும்போது கைகால்களை மடக்கி உடம்பை இலேசாக்கி, மறுபக்கம் இறங்கும்போது கைகால்களை நீட்டிச் சைக்கிளைத் தரையோடு அழுத்தினால், அந்த அழுத்தமே வேகமாக மாறும். ஊஞ்சலில் நின்று ஆடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது விரைவில் பிடிபடும். இங்கே கற்ற அழுத்தமும் இலேசும் பின்னர் ஒவ்வொரு வேரிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் பயன்படும்.

வளைவுகளையும் செஸ்நட்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் நுழைந்ததும் பிரேக்கை விட்டுவிட வேண்டும். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். அதைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே நேரத்தில் செலவழித்தால் எதற்கும் போதாது. உடம்பை நேராக வைத்துக்கொண்டு சைக்கிளை மட்டும் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கத்து மிதியைக் கீழே இறக்கி அதில் எடையை வையுங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் கண் போகும் இடத்துக்கே போகும். மரத்தைப் பார்த்து மரத்தில் மோதியவர்களைப் பலமுறை தூக்கிவிட்டிருக்கிறேன்.

ஏற்றங்களில் கியரை முன்கூட்டியே இலேசாக்கிக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் நடுவில் எடை முழுவதும் செயினில் இருக்கும்போது மாற்றினால் செயின் அறுந்துவிடக்கூடும். இருக்கையின் முன்நுனியில் அமர்ந்து மார்பைக் கைப்பிடியை நோக்கித் தாழ்த்தினால் முன்சக்கரம் தூக்காது, பின்சக்கரமும் வழுக்காது.

மழை பெய்தால்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நம் பாதைகளின் பெரும்பகுதி களிமண் கலந்த செம்மண். காய்ந்திருக்கும்போது சிமென்ட் தரைபோல் உறுதியாக இருக்கும் அது, நனைந்த பிறகு டயரின் அழுத்தத்துக்கு விலகிக் கொடுத்து நீளவாக்கில் பள்ளம் விழ விடுகிறது. அடுத்த மழையின் நீர் அந்தப் பள்ளத்தின் வழியே ஓடி அதை இன்னும் ஆழமாக்கும். மேல்மண் போய் மரவேர்கள் வெளியே வரும். வெளியே வந்த வேர்கள் மிதிபட்டுப் பட்டையுரிந்தால் மரம் நலியும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்த பள்ளத்தைச் சரிசெய்யப் பலர் பல நாள் மண் சுமக்க வேண்டியிருக்கிறது.

சேதமான பாதை மூடப்படும். மூடப்பட்டால் போவதற்கு வேறு இடம் அதிகம் இல்லை. தெம்பனிஸில் நமக்கு ஒரு பைக் பூங்கா இருந்தது. 2010ஆம் ஆண்டு இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகளின் மலைச்சைக்கிள், பிஎம்எக்ஸ் (சிறு சக்கரச் சைக்கிள்) போட்டிகள் அங்கேதான் நடந்தன. நகர மேம்பாட்டுக்காக 2014இல் அது மூடப்பட்டது. அதை மண் அரிப்பு மூடவில்லை என்றாலும், இந்தத் தீவில் மலைச்சைக்கிளுக்குக் கிடைத்திருக்கும் நிலம் எவ்வளவு சிறியது என்பதை அன்று அங்கே ஓட்டியவர்கள் உணர்ந்தார்கள். இருக்கும் மண்ணைக் காப்பது அதனால்தான் எனக்கு ஓட்டத் தெரிவதைவிட முக்கியமாகப் படுகிறது.

மழை நின்று இத்தனை மணி நேரம் கழித்துப் போகலாம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வெயில் படும் மேட்டுப்பகுதி அரை நாளில் காயும்போது, மரநிழலில் உள்ள தாழ்ந்த பகுதி இரண்டு நாளானாலும் சேறாகவே இருக்கும். நான் செய்வது இதுதான்: பாதையின் தொடக்கத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அமுக்கிப் பார்ப்பேன். உருண்டையாக ஒட்டிக்கொண்டு விரலிலும் அப்பினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன், உதிர்ந்தால் ஓட்டுவேன். ஓட்டும்போது வழியில் ஒரு குட்டை எதிர்ப்பட்டால் அதன் ஓரமாக ஒதுங்கிப் போகாதீர்கள். ஒவ்வொருவரும் ஒதுங்க ஒதுங்கப் பாதை அகன்று, ஓரத்துச் செடிகள் அழியும். நடுவே மெதுவாகச் செல்லுங்கள், அல்லது இறங்கித் தூக்கிக்கொண்டு கடந்து செல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் வாரக்கணக்கில் பாதை காயாமல் போகலாம். அந்தக் காலத்தைச் சைக்கிளைப் பழுதுபார்க்கவும் புல்வெளியில் பயிற்சி செய்யவும் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் மேற்கிலிருந்து திடீரென வீசும் ‘சுமத்ரா’ புயற்காற்று வேறு வகை ஆபத்து. மரக்கிளைகளை முறித்துப் போடும் வலிமை அதற்கு உண்டு. இடி கேட்டால் மழைக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் செல்லுங்கள்.

இரண்டாம் பாதை: புக்கிட் தீமா

புக்கிட் தீமா குன்று 164 மீட்டரைக்கூட எட்டாது. ஆனாலும் சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் அதுதான். மலைச்சைக்கிள் பாதை உச்சிக்குப் போகாது. வனப்பகுதியின் விளிம்பைச் சுற்றி வருகிறது. உச்சிக்குச் செல்லும் பாதைகளும் உள்ளே இருக்கும் நடைபாதைகளும் நடப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் சைக்கிளை ஓட்டுவது குற்றம் என்பதோடு, காலங்காலமாக அங்கே வேரூன்றிய காட்டுக்குச் செய்யும் தீங்கும் ஆகும். அனுமதி நேரம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை. இருட்டிய பிறகு காடு அங்கே வாழும் உயிர்களுக்குத் தேவை. விளக்கைக் கட்டிக்கொண்டு போக நினைக்க வேண்டாம்.

செஸ்நட்டில் பாதை நம்மை எதிர்பார்த்து அமைக்கப்பட்டிருக்கும். இங்கே கருங்கற்களும் வேர்களும் தத்தம் இடத்தில் இருக்க, நாம் வழி கண்டுகொள்ள வேண்டும். என் மணிக்கட்டு முறிந்தது இங்கேதான். படிபோல் இறங்கும் ஒரு கல் வரிசையை அதுவரை பார்த்திராத நான், அதன் விளிம்புக்கு வந்ததும் திடுக்கிட்டு, கண்ணை முன்சக்கரத்தில் பதித்து, முன்பிரேக்கை முழுவதும் இறுக்கிவிட்டேன். சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. நீட்டிய கையின் மேல் விழுந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு அவிழ்த்த பின் நான் முதலில் செய்தது, சைக்கிள் இல்லாமல் அந்த இடத்துக்குப் போய், ஓட்டிகள் இல்லாத நேரம் பார்த்து ஓரமாக நின்று, அந்தக் கற்களை ஆற அமரப் பார்த்ததுதான். முழங்கால் உயரம்கூட இல்லாத படிகள் அவை.

ஒரு துண்டை நடந்து பார்ப்பதற்கு முறை உண்டு. முதலில் அதன் முடிவில் போய் நின்று, மேல்நோக்கித் திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது தெரியாத வழி கீழிருந்து பார்க்கும்போது தெரியும். பிறகு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பிரேக்கை விட வேண்டிய இடம், சக்கரம் கட்டாயம் பட வேண்டிய ஒரு கல், மறுபடி பிரேக் பிடிக்கலாம் என்னும் அளவுக்குத் தரை சமமாகும் இடம். இடையில் உள்ள மற்ற எதையும் நினைவில் வைக்க வேண்டாம். மூன்றுக்கு மேல் வைத்தால் ஓட்டும்போது எதுவும் நினைவில் இராது. அடுத்து, சைக்கிளில் விளிம்பு வரை வந்து நின்று, திரும்பிச் சென்று, இரண்டாம் முறை ஓட்டுங்கள். மூன்று முறை விளிம்பு வரை வந்தும் மனம் ஒப்பவில்லை என்றால் அன்று விட்டுவிடுங்கள். பின்னால் யாரேனும் வந்தால் ஒதுங்கி வழிவிட்ட பிறகே பயிற்சியைத் தொடருங்கள்.

வேர்களுக்கு ஒரு விதி. முடிந்தவரை அவற்றை நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் வேரின் நீளவாக்கில் வழுக்கிப் போகும். வேரின் மேல் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ கூடாது. முன்சக்கரம் வேரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால், பம்ப் டிராக்கில் செய்ததுபோல் உடம்பை இலேசாக்கினால் சக்கரம் தொட்டும் தொடாமல் தாண்டிவிடும்.

குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் எதிர்ப்படுவது இந்தப் பகுதியில் இயல்பு. நீள்வால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் உணவு என்று நினைத்து நெருங்கும். எனவே எதையும் கைப்பிடியில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வையுங்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். பன்றி குட்டிகளுடன் பாதையைக் கடந்தால் தொலைவிலேயே நின்று, முழுவதும் கடந்து போகும் வரை காத்திருங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகுந்துவிடாதீர்கள். பாம்பு குறுக்கே கிடந்தாலும் அதே பொறுமைதான். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டினால் இவற்றின் சத்தமும் கேட்காது, பின்னால் வருபவரின் மணியும் கேட்காது. நடப்பவர்கள் எதிர்ப்பட்டால் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, அவர்கள் ஒதுங்கிய பின் நன்றி சொல்லிக் கடந்து செல்லுங்கள். பாதை நமக்கு உரியதாக இருந்தாலும் அவர்களுக்கே முதல் வழி.

மூன்றாம் பாதை: கெத்தாம்

சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து உபினுக்குச் செல்லும் பம்போட் என்னும் சிறு படகில் ஒருவருக்கு 4 வெள்ளி. சைக்கிளுக்குத் தனியாக 2 வெள்ளி. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். சேராவிட்டால் காத்திருக்க வேண்டும், அல்லது மீதிப் பணத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ரொக்கமாக வைத்திருங்கள். சைக்கிளை ஏற்றும்போது கியர் உள்ள பக்கம் படகின் பக்கவாட்டில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. பூங்காவின் நடுவே நீர் நிறைந்து கிடப்பது பழைய கருங்கல் சுரங்கம். உபினின் கல் சிங்கப்பூரின் கட்டுமானங்களுக்குப் பல்லாண்டு காலம் போய்க்கொண்டிருந்தது. கல்லெடுத்து முடிந்த அந்தப் பள்ளத்தைச் சுற்றி, 45 ஹெக்டரில் 2008ஆம் ஆண்டில் இந்தப் பூங்கா திறக்கப்பட்டது. பாதைகளின் கடினத்தைக் குறியீடுகள் காட்டும்: நீலச் சதுரம் நடுத்தரமானவர்களுக்கு, ஒற்றைக் கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு, இரட்டைக் கறுப்பு வைரம் மிகவும் தேர்ந்தவர்களுக்கு. பனிச்சறுக்குப் பாதைகளுக்கு வழங்கிய குறிகளே இவை. கவனிக்க வேண்டியது, நீலம் என்பது புதியவருக்கு உரியது அன்று. செஸ்நட்டை நிறுத்தாமல் ஓட்டும் அளவுக்கு வந்த பிறகே நீலத்தில் இறங்கலாம். புக்கிட் தீமாவின் கற்களில் தடுமாறாதவர் ஒற்றை வைரத்தை நடந்து பார்த்து முயலலாம். இரட்டை வைரத்தில் நான் ஓட்டத் தொடங்கியது மூன்றாம் ஆண்டின் இறுதியில். அப்போதும் சில பகுதிகளை அன்றைய நிலையைப் பார்த்து விட்டுவிடுவேன். பெரும்பாலான கடினமான இடங்களுக்குப் பக்கத்தில் சுற்றிப் போகும் வழி இருக்கும். அதில் போவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

உபின் கிராமத்துக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிள்களில் பல, தீவின் தார்ச்சாலையைச் சுற்றிப் பார்க்க ஏற்றவை; கெத்தாமின் இறக்கங்களுக்கு அல்ல. எடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் சிறிதேனும் உருண்டால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.

திண்டிலிருந்து விழுவதுபோல் சற்று உயரத்திலிருந்து இறங்கும் இடங்கள் கறுப்புப் பாதைகளில் வரும். அங்கே பிரேக் பிடித்து மெதுவாகப் போனால் முன்சக்கரம் குத்திக்கொண்டு கவிழும். நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடிய, மாறாத வேகத்தில் வந்து, முன்சக்கரம் விளிம்பைத் தாண்டும் கணத்தில் கைகளை நீட்டிச் சைக்கிளை முன்னே தள்ளுங்கள். இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒன்றாகத் தரையைத் தொடும். அப்போது முழங்கால் மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். இதை நடைபாதையின் சிறு விளிம்பில், ஒரு சாண் உயரத்தில், ஐம்பது முறை செய்து பார்த்த பிறகே கெத்தாமில் செய்யுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

பாதைகளுக்குள் குடிநீர்க் குழாயை எதிர்பார்க்காதீர்கள். நம் வெக்கையில், ஓட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு கலந்த எலுமிச்சைச் சாறும் நல்லதே. காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழத்துடன் 7 மணிக்கே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தலை சுற்றி, வியர்வை நின்று, தோல் கொதித்தால் அது களைப்பு அன்று, வெப்பத் தாக்கம். உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, விசிறிவிட்டு, ஆம்புலன்ஸுக்கு 995 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்.

மாற்று டியூப் ஒன்று, டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு, ஆறுமுகச் சாவித் தொகுதி, செயின் இணைப்பான், காயத்துக்குக் கட்டுத்துணி, கொசுவிரட்டி, கைபேசி. இவ்வளவும் சிறு முதுகுப்பைக்குள் அடங்கும். முழுவிரல் கையுறையும் முழங்கால் காப்பும் அணியுங்கள். உபினுக்குத் தனியே போகாதீர்கள்; விழுந்தவரைத் தீவிலிருந்து கொண்டுவர நேரமாகும். அழைக்க நேர்ந்தால் அருகிலுள்ள பெயர்ப்பலகையில் உள்ளதைப் படித்துச் சொல்லுங்கள், அல்லது கைபேசி வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடத்தை அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

படகில் தெறித்த உப்புநீரைச் சைக்கிளில் இரவு முழுவதும் காயவிட்டால் செயினும் திருகாணிகளும் துருப்பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில் சைக்கிளைக் குளியலறையில் வைத்துக் கழுவினால் செம்மண் வடிகாலை அடைத்துவிடும். பாதி வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும்: சேறு காய்ந்ததும் தூரிகையால் தட்டி ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, செயினை உலர்த்தி ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் பிரேக் தட்டில் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. ஈரத்தில் ஓட்டிய வாரத்தில் பிரேக் கட்டைகள் கருங்கல் துகளால் விரைவில் தேயும். சக்கரத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டையின் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், அடுத்த முறை காட்டுக்குப் போவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.